தொண்டை மருந்தை விட்ட ரதி

வயிற்றில் கட்டிக் கிடந்த தண்ணீரெல்லாம் இறங்கி, இடுப்பில் வேட்டி நிற்கிற ஆளாக நான் கேகாலை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்துவிட்டேன். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பார்க்கிறவர்களெல்லாம் நிறுத்தி நிறுத்திக் கதை கேட்கிறார்கள். வாயால் சொல்லி மாளவில்லை. கேட்டுப் போகிறவர்களோ கைகால் வைத்துத்தான் அடுத்தவருக்குச் சொல்கிறார்கள். டாக்டர் என் ஈரலை வெளியே எடுத்துக் கழுவித் திரும்ப வைத்தார் என்று மேல் டிவிஷனில் பேச்சாம்! அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். குடிக்கிறவன் இதைப் படிக்கட்டும். படிக்கத் தெரியாவிட்டால் அவன் வீட்டுக்காரிக்காவது யாரேனும் வாசித்துக் காட்டட்டும்.

என் பெயர் மாணிக்கம். புளத்கொகுபிட்டியிலிருந்து மேலே ஏறினால் வருகிற ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். வெறும் மாணிக்கம் என்று விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. ரதி மாணிக்கம் என்றால் பக்கத்துத் தோட்டத்து நாய்கூட வழி காட்டும். மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். அதில் ரதி வேஷம் எனக்குத்தான். தேவர்கள் சொன்னார்கள் என்று மன்மதன் சிவனுடைய தவத்தைக் கலைக்கப் புறப்படுகிறான். ரதி வாசலில் மறித்துப் போகாதே என்று கெஞ்சுகிறாள். அவன் கேட்காமல் போகிறான், சிவன் கண்ணைத் திறக்கிறார், மன்மதன் சாம்பல். அப்புறம் ரதி அழ வேண்டும். நான் அழுதால் பெண்கள் பக்கத்தில் ஒரு முந்தானை நனையாமல் இருக்காது. கூத்துப் பாட்டை வாசிக்க வேண்டுமென்றுதான் நான் எழுத்தே கற்றுக்கொண்டேன்.

கூத்துக்குக் காப்புக் கட்டினவன் கவிச்சி தொடக்கூடாது, குடிக்கக்கூடாது. இந்தச் சட்டத்தை எங்கள் ஆட்கள் ஒருநாளும் மீறியதில்லை. சாராயத்துக்குத் தொண்டை மருந்து என்று பெயர் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். மருந்துக்கு விரதம் ஏது? தப்பு அடிக்கிறவன் என் மச்சான் கறுப்பையா. என் மனைவி வீராயிக்கு அண்ணன். வேஷம் கட்டி முடிந்ததும் அவன்தான் ஒரு தகரக் குவளையில் ஊற்றிக் கொண்டுவந்து, "தொண்டை தெறக்கட்டும் மச்சான்" என்று பயபக்தியோடு நீட்டுவான். மாசிக்கு என்று தொடங்கிய வைத்தியம் பங்குனியிலும் தேவைப்பட்டது. அப்புறம் சம்பள நாள்தோறும் தேவைப்பட்டது. கடைசியில் விடிந்து ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகும் முன்பே தேவைப்பட்டது. அந்த நேரத்தில் நான் யாருக்குப் பாடினேன் என்று மரங்களைத்தான் கேட்க வேண்டும்.

நோய் என்று எனக்கு முதலில் தெரியவில்லை. வயிறு முன்னால் வந்தது. நல்ல சாப்பாடு என்று நினைத்தேன். கால் வீங்கியது, நடந்த களைப்பு என்று நினைத்தேன். கண்ணில் மஞ்சள் ஏறியபோது வீராயி என் முகத்தைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். லயத்துப் பெண்கள், "ரதிக்கு மாசமா இருக்கு போல, மன்மதன் யாருன்னுதான் தெரியல" என்று கேலி செய்தார்கள். நானும் இடுப்பில் கை வைத்து நடந்து காட்டிச் சிரிக்க வைத்தேன். தோட்டத்து மருந்துக்காம்பராவில் டிஸ்பென்சர் ஐயா என்னை ஒரு முறை பார்த்தார், வயிற்றை ஒரு முறை பார்த்தார். கேலி செய்கிறவர் அல்ல அவர். "இங்க வச்சிருக்க முடியாது. கேகாலைக்குக் கொண்டு போங்க" என்றார்.

மோட்டார் பஸ்ஸில் ஏற்றப் பார்த்தார்கள். என்னால் படியில் காலைத் தூக்க முடியவில்லை. கடைசியில் ஒரு மாட்டுக் கரத்தையில் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்தார்கள். வழியெல்லாம் வீராயி கரத்தைக்குப் பின்னாலேயே நடந்து வந்தாள். ஏறி உட்கார் என்றால், "மாட்டுக்கு நீங்க ஒருத்தரே போதும்" என்றாள்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் பெஞ்சு நிறைய ஆட்கள். காய்ச்சல்காரர்கள், கை முறிந்தவர்கள், இருமுகிறவர்கள். எல்லோரும் என் வயிற்றைப் பார்த்துவிட்டுத் தங்கள் நோயை மறந்து கொஞ்சம் தேறினார்கள். டாக்டர் சிங்களவர், இளவயது, கண்ணாடி போட்டவர். என்னை மல்லாத்தி, இடது கை விரலை வயிற்றின்மேல் வைத்து வலது கை விரலால் அதைத் தட்டினார். நடுவில் தட்டினார், பக்கவாட்டில் தட்டினார், என்னைப் புரட்டிவிட்டுத் திரும்பவும் தட்டினார். எனக்கு வேடிக்கையாக இருந்தது. கறுப்பையா புதுத் தோல் கட்டியதும் தப்பை இப்படித்தான் தட்டிப் பார்ப்பான். காற்று உள்ள இடத்தில் கணீர் என்கிறது, தண்ணீர் உள்ள இடத்தில் மொத்தென்கிறது. அதை வைத்து உள்ளே எதுவரை தண்ணீர் நிற்கிறது என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். அப்புறம் என் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து விளக்கில் காய்ச்சிப் பார்த்தார்.

இதற்குத் தமிழில் மகோதரம் என்று பெயர். ஈரல் என்பது ரத்தத்தை வடிகட்டுகிற சல்லடை. வருஷக்கணக்காகச் சாராயம் ஊற்றினால் அந்தச் சல்லடை இறுகிப்போகிறது. உள்ளே போக வழியில்லாத ரத்தம் பின்னால் தேங்க, அதிலுள்ள நீர் கசிந்து வயிற்றுக்குள் நிறைகிறது. சிங்களத்தில் அவர் சொன்னதை வார்டில் வேலை பார்க்கும் பண்டா தமிழாக்க வந்தான். எனக்கே விளங்குகிறது என்றேன். உடனே டாக்டர் குனிந்து என் முகத்துக்கு நேராகச் சொன்னார்: "ஆயே பிவ்வொத் மெரெனவா." திரும்பக் குடித்தால் செத்துப்போவாய். வேறொன்றும் சேர்க்கவில்லை, அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

எனக்குச் சாவைப் பற்றிய பயம் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்த பயம் மாசியைப் பற்றியது. மருந்தில்லாமல் தொண்டை திறக்காது. தொண்டை திறக்காவிட்டால் ரதி இல்லை. ரதி இல்லாவிட்டால் நான் பால் வெட்டுகிற பல பேரில் ஒருவன். குடித்தால் உயிர் போகும், குடிக்காவிட்டால் பாட்டுப் போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் அந்தக் கட்டிலில் நான் கிடந்தேன்.

தண்ணீர் எடுத்த கதையைச் சொல்லாமல் விட மாட்டேன். கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, தொப்புளுக்குக் கீழே மரத்துப்போக ஓர் ஊசி போட்டார்கள். அப்புறம் உள்ளே துளையுள்ள பெரிய ஊசி ஒன்றைக் குத்தினார்கள். குத்தியதும் ஒரு ரப்பர் குழாய் வழியாகத் தண்ணீர் வாளிக்குள் இறங்கத் தொடங்கியது. சொட்டுச் சொட்டாக, பிறகு கம்பியாக! வாழ்நாள் முழுக்க மரத்தைக் கீறிச் சிரட்டை வைத்தவன் நான். இன்று என்னைக் கீறி வாளி வைத்திருக்கிறார்கள். அதைச் சொன்னதும் பண்டாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நல்ல மரம், நிறையப் பால்" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வாளியை மாற்றினான். வயிறு இறங்க இறங்க மூச்சு உள்ளே போனது. மூச்சு என்பது இவ்வளவு ருசியான சாமான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் மோசம். சாராயத்துக்குப் பழகின உடம்பு அது கிடைக்காதபோது ஆட்டம் போடும். என் கை, தண்ணீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாமல் உதறியது. போர்வை மடிப்பிலெல்லாம் எலி ஓடியது. மற்றவர்களுக்கு அந்த எலி தெரியவில்லை என்பதில் எனக்குக் கோபம்! நர்ஸ் நோனா நாற்றமடிக்கிற ஒரு தூக்க மருந்து கொடுத்து, என் பிதற்றலுக்கெல்லாம் "ஹரி, ஹரி", அதாவது சரி சரி என்று பதில் சொன்னாராம். பிறகு எலிகள் போய்விட்டன. உப்பில்லாத கஞ்சியும், பாலும், தண்ணீரைச் சிறுநீராக இறக்குகிற ஒரு மருந்தும் மட்டும் மிஞ்சின.

பக்கத்துக் கட்டிலில் காதர் நானா. கேகாலைப் பக்கத்து ஆள், தோட்டம் தோட்டமாகப் போய்ச் சேலை விற்கிறவர். வண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, காலில் கட்டை வைத்துக் கட்டிப் போட்டிருந்தார்கள். அசைய முடியாத மனிதருக்கு ஊர்ப்பட்ட வாய். நான் கண் தெளிந்து பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, எலியெல்லாம் புடிச்சு முடிஞ்சா?" என்பதுதான்.

ஒருநாள் கறுப்பையா வந்தான். தோளில் இரண்டு தம்பிலி, அதுதான் செவ்விளநீர். நோயாளியைப் பார்க்க வருகிற எல்லோரும் கொண்டு வருவதுதான். ஒன்றைச் சீவிக் கொடுத்தான், குடித்தேன். மற்றதைக் கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் வைத்து, என் காதருகே குனிந்தான்.

"அது வேற மச்சான். தண்ணிய எடுத்துட்டு மருந்து ஊத்தியிருக்கேன். ஓட்டைய ஒட்டுப்பால் வச்சு அடைச்சிருக்கேன், ஒருத்தனுக்கும் தெரியாது. மாசி கிட்ட வருது, தொண்ட காஞ்சு போயிரும்ல?"

மரத்தில் வடிந்து காய்ந்துபோகிற ரப்பரைத்தான் ஒட்டுப்பால் என்போம். தோட்டத்தான் மூளையைப் பாருங்கள்! அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. என்னைக் கொல்ல வந்தவன் இல்லை அவன். தான் ஊற்றாமல் விட்டால் நான் பாட்டில்லாமல் போய்விடுவேனே என்று உருகிப்போய், வேலை நாளையும் விட்டுவிட்டு வந்தவன்.

அவன் போன பிறகு அந்தத் தம்பிலியையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். தூக்கி எறிவேன் என்று நினைத்தேனா? இல்லை. விளக்கேற்றினதும் ஒரே ஒரு மடக்கு என்றுதான் நினைத்தேன். டாக்டர் சொன்னது குடியைப் பற்றி, இது தொண்டைக்கு என்று மனசு வக்கீலாக நின்று வாதாடியது.

பொழுது சாய்கிற நேரம். காதர் நானாவுக்குக் காய்ச்சல், மூக்கும் அடைத்திருந்தது. "பண்டா, தாகமா ஈக்கிது" என்றவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி கோவிக்காதீங்க, அந்தத் தம்பிலிய நான் குடிக்கட்டா? நாளைக்கி ஊட்டுலருந்து வரும், ரெண்டாத் தாறேன்."

எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டினது போல ஆகிவிட்டது. கொடுக்க மாட்டேன் என்றால் கஞ்சன்; ஏன் என்று சொன்னால் ஆஸ்பத்திரியை விட்டே துரத்துவார்கள். நான் வாயைத் திறக்கும் முன்பே பண்டா தம்பிலியை எடுத்துத் தலையைச் சீவிவிட்டான். நானாவின் தலையைத் தாங்கிப் பிடித்து, தம்பிலியை அவர் வாய்க்குக் கொண்டு போனான். ஐந்து வேளையும் படுக்கையில் கிடந்தபடியே தொழுகிற மனிதர் அவர். என் வாயிலிருந்து எப்படி வந்ததென்று தெரியாது, கத்திவிட்டேன்.

"குடிக்காதீங்க நானா! அது ஹராம்!"

வார்டு முழுக்கத் திரும்பியது. பண்டா மோந்து பார்த்தான், முகம் மாறியது. நர்ஸ் நோனா ஓடினார், டாக்டர் வந்தார். தம்பிலியை என் கண் முன்னாலேயே வாய்க்காலில் கவிழ்த்தார்கள். எனக்கு ஒரு பக்கம் வயிறு எரிந்தது, ஒரு பக்கம் ஒரு பெரிய மூட்டையை இறக்கினது போல இருந்தது. இதில் நீ குடித்தாயா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், "ஹொந்தாய்" என்றார், போய்விட்டார். நல்லது என்று அர்த்தம்.

நானா வாயைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கேட்டார், "அந்த மனுஷன் இத என்னத்துக்குக் கொண்டு வந்த?"

"தொண்டைக்கு நானா. மாசியில பாடணும்."

"இது இல்லாட்டிப் பாட்டு வராதா?"

"வராது."

"பாடிப் பாத்தீங்களா?"

இத்தனை மாசியில் நான் ஒருமுறைகூட மருந்தில்லாமல் பாடிப் பார்த்ததே இல்லை!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீராயி வந்தாள். தம்பிலிக் கதை அவளுக்கு முன்பே எட்டிவிட்டது. அண்ணனோடு சண்டை போட்டு, அவன் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லையாம். நானா விடவில்லை. "தங்கச்சி, இன்டைக்கி ஒங்கட மாப்புள பாடப் போறார், நீங்களும் கேளுங்க" என்றார். கூத்தில் ஆயிரம் பேர் முன்னால் வராத நடுக்கம், கஞ்சிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருத்தி முன்னால் வந்தது. கண்ணை மூடி, ரதி வாசலில் மன்மதனை மறிக்கிற பாட்டை எடுத்தேன்.

மேலே போனபோது குரல் உடைந்தது. கீழே இறங்கியபோது இரண்டாகப் பிளந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

"பாத்தியா வீராயி? மருந்தில்லாமத் தொண்ட போயே போச்சு."

அவள் வியப்பாகப் பார்த்தாள். "எங்க போச்சு? நீங்க எப்பவும் இப்பிடித்தாங்க பாடுவீங்க."

"எப்பவுமா?"

"எப்பவும்தான். உங்களுக்குத்தான் தெரியாது, போதையில இருப்பீங்க."

"அப்ப சனங்க அழுததெல்லாம்?"

"ரதியப் பாத்து அழுதாங்க. புருஷன் எரிஞ்சு போனா யாருதான் அழ மாட்டா?"

காதர் நானா சிரித்த சிரிப்பில் கட்டை கட்டிய கால் ஆடி, அம்மா அப்பா என்று அலறினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் தொண்டையைக் குற்றம் சொல்லி அதற்கு வருஷக்கணக்காக மருந்தும் ஊற்றியிருக்கிறேன்! எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இல்லாத ஒன்றைக் காப்பாற்றத்தானா ஈரலைக் கொடுத்தேன்?

வீராயி சிரிக்கவில்லை. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: "இந்த வாசல் பாட்டு இருக்கே, சம்பளத்தன்னிக்கு நான் வாசல்ல நின்னு சொல்றதும் இதேதான். எனக்குத் தப்பு அடிக்க ஆளில்ல. அதான் உங்க காதுல விழல."

அவள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். நான் அந்தச் சொல்லோடு தனியாகக் கிடந்தேன். ரதி போகாதே என்கிற பாட்டை நான் எத்தனை தரம் பாடியிருப்பேன்! பாடி முடித்து வேஷத்தைக் கழற்றியதும், வாசலில் நிற்கிறவளைத் தள்ளிவிட்டுச் சாராயம் விற்கிற தவறணைக்குப் போனவனும் நான்தான். நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

ஆனால் கூச்சத்தோடு கூட வேறொன்றும் கிளம்பியது. ஒரு பரபரப்பு! பழைய பாட்டில் ரதி சந்தனம், மல்லிகை, மஞ்சம் என்றெல்லாம் பாடுவாள். வாசலில் நிற்கிற பெண் அப்படியா பேசுவாள்? அவள் என்ன பேசுவாள் என்று எனக்குத் தெரியும், இல்லை, தெரிந்திருக்க வேண்டும். அடுத்த முறை வீராயி வந்தபோது கேட்டேன், "நான் போனப்புறம் நீ என்ன செய்வ?"

"என்னத்த செய்வாங்க?" என்று வெட்கப்பட்டாள். நான் விடவில்லை. கடைசியில் சொன்னாள். சோறு வடித்து வைப்பாளாம், ஆறிவிடுமாம். விறகு வைத்துத் திரும்பச் சூடாக்குவாளாம், திரும்ப ஆறிவிடுமாம். அவ்வளவுதான் என்றாள். அவள் போனதும் நான் அதைக் கட்டத் தொடங்கினேன். முதலில் அழகழகாக அடுக்கிப் பாடிக் காட்டினேன்; நானா கொட்டாவி விட்டார். "அந்தப் பொம்பள செல்லின மாதிரியே செல்லுங்களேன்" என்றார். ஒரு சொல்லைப் பிடித்தால் இன்னொரு சொல் நழுவியது. மாலையானால் நாக்கு சாராயத்துக்குத் துடிக்கும், கை தலையணையைப் பிய்க்கும். அந்த நேரத்தை நான் பாட்டுக் கட்டுகிற நேரமாக வைத்துக்கொண்டேன். ஓர் அடி சரியாக விழுந்த அன்று, விளக்கேற்றியதையே நான் கவனிக்கவில்லை. அந்த வேளை என்னை அறியாமல் கடந்து போயிருந்தது! இப்படி வந்தது பாட்டு:

சோறு வடிச்சு வச்சேன் சூடாறிப் போனதையா
ஆறினதைச் சூடாக்க அடுப்பெரிச்சுக் காத்திருந்தேன்
ரெண்டாம் முறை ஆறினதே ராசாவே நீர் வரல
மூணாம் முறை ஏத்துறதுக்கு முழுவிறகும் மிச்சமில்ல

நானா கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே வியாபாரி புத்தியும் வந்துவிட்டது. "சரி, அவள் கேட்டா. அவன் என்ன செல்றான்? அவனுக்கு வாயில்லையா?"

இதுதான் என்னை ஆட்டியது. நான் மன்மதனாக ஆடியதே இல்லை. பழைய பாட்டில் அவன் தேவர் கட்டளை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். என் மன்மதன் என்ன சொல்வான்? வாசலில் நிற்கிறவளைத் தள்ளுகிற நேரத்தில் என் மனசில் என்ன ஓடியது? நாளெல்லாம் யோசித்தும் ஒன்றும் வரவில்லை. நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று கட்டினேன், பொய்யாக இருந்தது. களைப்பு என்று கட்டினேன், அதுவும் பொய். ஒரு மாலையில், துடிப்பு உச்சத்தில் இருந்தபோது, அவனையே பேசவிட்டுப் பார்த்தேன். பேசினான்:

தேவர் அழைக்கலடி தெய்வம் அனுப்பலடி
ஏதுமில்லா ஆளுன்னு என் மனசு சொல்லுதடி
அந்தச் சொல்லைக் கேட்காம அடைக்கத்தான் போறேண்டி

பாடியதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் குரல் சின்னக் குரல் என்பது எனக்கு ஆரம்பத்திலிருந்தே எங்கோ ஒரு மூலையில் தெரிந்திருக்கிறது! அதைக் கேட்காமல் இருக்கத்தான் ஊற்றியிருக்கிறேன். பயம் இவ்வளவுதானா என்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். யாரையாவது உலுக்கிச் சொல்ல வேண்டும் போல இருந்தது. நானா தூங்கிப்போயிருந்தார்.

அடுத்த ஞாயிறு வீராயியிடம் பாடிக் காட்டினேன். "இத முன்னமே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"சொல்லத் தெரியல வீராயி. இப்பத்தான் எனக்கே தெரியும்."

அவள் என் தலையைக் கோதிவிட்டாள். வார்டில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

வயிற்றில் நீர் திரும்ப ஊறவில்லை. கண் வெளுத்தது. டாக்டர் கடைசியாக ஒருமுறை தட்டிப் பார்த்தார், எங்கும் கணீர். வீட்டுக்குப் போகலாம் என்றார். ஈரல் முழுதாக ஆறாது, குடிக்காமல் இருந்தால் மிச்சத்தை வைத்து வாழலாம் என்றும் சொன்னார்.

மாசி வந்தது. வேஷம் கட்டி முடிந்ததும் கறுப்பையா வழக்கம்போலக் குவளையோடு வந்து நின்றான். பழக்கத்தில் வந்துவிட்டான், வந்த பிறகுதான் நினைவு வந்து முழித்தான்.

"வேணாம் மச்சான். என் தொண்ட தெறந்தாலும் அவ்வளவுதான், மூடினாலும் அவ்வளவுதான்."

"வீணாப் போகுமே" என்று அவனே அதைக் குடித்துவிட்டுத் தப்பை எடுத்தான். ஒரே நாளில் எல்லோரும் திருந்திவிட மாட்டார்கள்.

வாசல் காட்சி வந்தது. மன்மதன் வேஷம் சுப்பையாவுக்கு, புதிதாகக் கல்யாணமான பையன், மருந்தும் கொஞ்சம் ஏறியிருந்தது. நான் அவனை மறித்துச் சோற்றுப் பாட்டை எடுத்தேன். குரல் உடைந்தது, உடைந்தபடியே பாடினேன். பெண்கள் பக்கத்தில் பேச்சு நின்றது. மூன்றாம் முறைக்கு விறகில்லை என்றதும் அங்கே யாரோ "ஐயோ" என்றார்கள். சுப்பையா நான் சொல்லிக்கொடுத்த பதிலைப் பாடினான். பாடி முடித்துப் புறப்பட வேண்டும். புறப்படவில்லை! தலையைக் குனிந்து அப்படியே நின்றான். அந்தப் பக்கம் சிவன் கண்ணை மூடிக்கொண்டு எரிக்கத் தயாராகக் காத்திருக்கிறார், இந்தப் பக்கம் மன்மதன் நகரவில்லை. தப்பு தடுமாறியது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து சுப்பையாவின் மனைவி, ஒரு நாளும் சத்தம் கேட்டிராத பெண், "போகாதீங்க!" என்று கத்தினாள். அவ்வளவுதான், லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் எழுந்து, "போகாத, போகாத!" என்று கத்தினார்கள். இப்படி ஒரு கூத்தை எங்கள் தோட்டம் கண்டதில்லை. நான் ரதி; போகாதே என்று அழ வேண்டியவள். அழுகையோடு அழுகையாக அவன் காதில், "போடா தம்பி, கதைக்காகப் போ, விடிஞ்சதும் வந்துரு" என்று சொல்லித் தள்ளிவிட்டேன். போய் எரிந்தான் பாவம். நான் அழுத அழுகைக்கு அன்று நடிப்பே தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு ஒரு சம்பள நாள் வந்தது. மாலையானால் நாக்கு இன்னும் தேடத்தான் செய்கிறது, பொய் சொல்ல மாட்டேன். முகம் கழுவி, வேட்டியை இறுக்கிக் கட்டி, வாசலுக்கு வந்தேன். வாசலில் யாரும் இல்லை. வீராயி உள்ளே அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"டவுன் பக்கம் போறேன். காதர் நானா நடக்கத் தொடங்கிட்டாராம், கடை வீதிக்கு வாறாராம். ரெண்டு அடி புதுசாக் கட்டியிருக்கேன், பாடிக் காட்டணும்."

அவள் எழுந்து வருவாள், வழியை மறிப்பாள் என்று நின்றேன். அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"போயிட்டு வாங்க" என்றாள்.

என் கால் நகரவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், சம்பள நாளில் வெளியே புறப்பட்ட என்னை அவள் அப்படிச் சொல்லி அனுப்பியது அதுதான் முதல் தடவை.